படகுக்காரனுக்கு அவள் சொன்ன பதில்

அந்த வங்காளப் படத்தை இதுவரை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போட்டால், கோவில்பட்டி வெயில் வெளியே நிற்க, அறைக்குள் மழை பெய்யத் தொடங்கிவிடும். நாவலிலிருந்து எடுத்த படம். நாவலையும் தமிழில் படித்திருக்கிறேன், நல்ல நாவல்தான். ஆனால் படத்தில் அந்த ஆறு நகர்வதுபோல் எந்தப் பக்கத்திலும் நகரவில்லை. இவ்வளவு பிரியம் வைத்த படத்தை ஒருமுறை நான் பொய்யாக்கியிருக்கிறேன். எழுபதைத் தாண்டிய பிறகாவது அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. ஊரில் சில ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு தியேட்டரில் வெளிமாநிலப் படங்கள் போடுவார்கள். அப்பாவும் அவர்களில் ஒருவர். இந்தப் படம் போட்ட வாரம் அவர் கயத்தாற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது.

“கல்கத்தாப் படமா? அப்ப நான் போறேன்” என்றாள் அத்தை. துணைக்கு என்னையும் அனுப்பினார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா தீப்பெட்டி விற்பனைக்காகக் கல்கத்தா போனவர். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு தீபாவளிக்கு ஒன்று. பிறகு அதுவும் நின்றுபோய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அங்கே போய்த் தேடியவர்கள் அப்பாவிடம் மட்டும் ஏதோ சொன்னார்கள். அதன் பிறகுதான் அப்பா அலைந்து திரிந்து, பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் வாங்கினார். படத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, சேருகிறாளா இல்லையா என்று பதில் சொல்லியாக வேண்டும்.

“நான் போயி, அவிய திடீர்னு வந்து நின்னா இங்கன யாரு இருக்கா?” என்பாள் அத்தை.

“வரலன்னா?” என்பாள் அம்மா. அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நான் மட்டும் அவள் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அப்பாவின் பிரம்புக்கும் எனக்கும் நடுவே நிற்க அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது.

படத்தில் ஆற்றோரத்தில் ஒரு வீடு. கணவன் வேலை தேடிக் கல்கத்தா போகிறான். நகரத்துத் தெரு ஒன்று சில நொடிகள் வந்தது. அத்தை முன்னால் சாய்ந்து, ஓரத்தில் நடந்துபோகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தெரு மறைந்ததும் மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டாள். அதன் பிறகு மழை, மழை. நனைந்த வாழையிலை, தண்ணீரில் ஆடும் விளக்கு வெளிச்சம். அவ்வளவு தண்ணீரை நான் கண்ணால் கண்டதில்லை. பின்வரிசையில் ஓர் அண்ணாச்சி, “இதுல பாதியை நாகலாபுரத்துப் பக்கம் திருப்பி விட்டா என்னவாம்” என்றார். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

படத்தின் அடியில் ஆங்கில எழுத்துகள் வந்து வந்து மறைந்தன. அத்தை அறிந்த ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் போதும். ஓடுகிற எழுத்துக்குக் காணாது. “படிச்சுச் சொல்லுலே” என்றாள். தெரிந்ததைப் படித்தேன், தெரியாததை ஊகித்தேன். முக்கால் படம்வரை நேர்மையாகத்தான் இருந்தேன்.

கடைசியில் அந்தப் பெண் வீட்டைப் பூட்டுகிறாள். படகில் ஏறுகிறாள். சாவியை ஆற்றில் போடுகிறாள். போகிற இடத்தில் யாராவது காத்திருக்கிறார்களா என்று படகுக்காரன் கேட்கிறான். யாருமில்லை என்கிறாள். ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். மூன்றாம் வகுப்பிலேயே எனக்குத் தெரிந்த சொற்கள்.

“ஏலே, என்ன சொல்லுதா?”

“புருசன்ட்ட இருந்து கடுதாசி வந்துட்டாம் அத்தே. அவர்ட்டதான் போறாளாம்.”

வெளியே வந்தால் கண் கூசியது. பொட்டல் காற்று தெருவில் புழுதியைச் சுருட்டிக்கொண்டு போனது. அத்தை இன்னும் தண்ணீரின் மேல் போகிறவள்போல மிதந்து நடந்தாள்.

“புருசன்ட்ட போறவ மொகம் மாதிரி இல்லயேல அது” என்றாள்.

“இங்கிலீசுல அப்பிடித்தான் போட்டிருந்தான்.”

“சாவியை ஏன் ஆத்துல போட்டா?”

“அங்க அப்பிடி ஒரு வழக்கமாம்.”

“நல்ல வழக்கம்” என்று சிரித்தாள்.

மறுநாள் அப்பாவிடம், “நான் போகலண்ணே. இங்கனயே இருக்கேன்” என்றாள். அப்பா வெகுநேரம் செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது. அன்று காலை நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மாமா வரவில்லை. அத்தை எங்கள் வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டிக்கொண்டு இருந்தாள். என்னைப் படிக்க வைத்ததில் அந்தப் பெட்டிகளுக்கும் பங்குண்டு. போன வருடம் கழுத்தில் தாலியோடு போய்ச் சேர்ந்தாள். உண்மையைச் சொல்ல எனக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது.

இன்று படம் பார்க்கும்போது, படகு நகர்ந்ததும் அன்றைய தெருதான் நினைவுக்கு வருகிறது. வீடு நெருங்கியதும் அத்தை நின்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, “நல்லாப் பாத்தியால? அப்பிடித்தான் போட்டிருந்தானா?” என்றாள். பாத்தேன் என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. “இன்னொரு தடவ யோசிச்சுச் சொல்லு” என்றாள். கதை அவளுக்குப் புரியவில்லைபோலும் என்று நினைத்து, நான் முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன்.