கனகவள்ளி எழுதிய பட்டியல்

“வாசிக்கட்டுமா?” என்று கேட்காமல் எந்தப் பிள்ளையின் நோட்டையும் ஹபீபா டீச்சர் வாய்விட்டு வாசிக்க மாட்டார். இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. ஒரு பெண்ணின் படிப்பைத் தின்றுவிட்டு வந்தது.

டீச்சருக்குப் பம்பாய் சுனாபட்டியில் வீடு. மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுத்தார். 1984-இல் ஒருநாள் கரும்பலகையை இரண்டாகப் பிரித்தார். இடப்பக்கம், இங்கிலாந்து ராஜா மேல் குற்றங்களை அடுக்கி அமெரிக்கர்கள் 1776-இல் எழுதிய சுதந்திரப் பிரகடனம். வலப்பக்கம், அந்த நாட்டுப் பெண்கள் 1848-இல் எழுதிய உரிமைப் பிரகடனம். ‘ஆண்கள் எல்லாரும் சமம்’ என்ற வரியில் ‘பெண்களும்’ என்று அவர்கள் சேர்த்திருந்தார்கள்.

“வேற என்ன வித்தியாசம்? சொல்லுங்க பாப்போம்.”

கனகவள்ளி மட்டும் எழுந்தாள்.

“அதுல ராசா மேல குத்தம் சொல்லுதாங்க டீச்சர். இதுல ராசா இருந்த எடத்துல வீட்டு ஆம்பளய வச்சிட்டாங்க.”

அடேயப்பா! டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. “இதே மாதிரி உங்க குறையெல்லாம் ஆளுக்கொரு பட்டியலா எழுதிட்டு வாங்க” என்றார்.

கனகவள்ளி எழுதினாள்: ‘தம்பி பெயிலானாலும் டியூஷன் உண்டு. நான் முதல் மார்க் வாங்கினாலும் பத்தாவதோடு சரி. அத்தை மகனுக்கு என்னைப் பேசி வைத்திருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.’

சனிக்கிழமை மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட அவள் அப்பா பெரியநாயகம் வந்தார். மளிகைக் கடைக்காரர். பம்பாயிலேயே வளர்ந்தவர், தமிழ் பேசுவார், வாசிக்க வராது. இந்தியில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். டீச்சர் அவரைப் போக விட்டிருக்கலாம், பாவி மனசு விட்டதா? “உங்க மக எழுத்தக் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க” என்று நோட்டை எடுத்து, ஏற்ற இறக்கத்தோடு முழுசாக வாசித்தார். கதவோரம் கனகவள்ளி வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்.

பெரியநாயகம் சத்தம் போடவில்லை. “நல்லா எழுதிருக்கா டீச்சரம்மா” என்று நோட்டை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை கனகவள்ளி வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. டீச்சர் கடைக்கே போனார்.

“படிச்ச வரைக்கும் போதும். கல்யாணத்த வர்ற மாசமே வச்சாச்சு” என்ற பெரியநாயகம், மரியாதையாக ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, சாயா சொல்ல வெளியே போனார்.

தராசுக்குப் பின்னால் கனகவள்ளி பருப்புப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லதுக்குன்னுதான் வாசிச்சேன்மா” என்றார் டீச்சர்.

“தெரியும் டீச்சர்.” பொட்டலத்தில் நூலைச் சுற்றி அறுத்தாள். “நீங்களாவது என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா.”