சேர்த்து உட்கார வைத்த அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு அக்காவைப் புகழ்ந்து எழுதும்படி மருமகன்மார் கேட்டார்கள். அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் குறிப்பு எழுதியவனுக்குப் புகழ வராது. நடந்ததை எழுதுகிறேன்.

இராஜபாளையத்தில் பிறந்த அக்கா, அப்பா இறந்த ஆண்டிலேயே நூற்பாலையில் சேர்ந்தார். நான் கல்லூரியில் படித்தது அந்தச் சம்பளத்தில். அத்தான் மறைந்த பின் இரண்டு மகள்களைக் கரையேற்றியதும் அதே சம்பளத்தில்தான். ஆலை இரைச்சலில் இருந்து பழகியவர், எல்லோரிடமும் உரக்கவே பேசுவார். அதிகாரிகளும் விதிவிலக்கல்ல.

நான் ஓய்வூதியக் கோப்புகளைச் சரிபார்க்கும் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கிறேன். ஓய்வுக்குப் பின் ஆளுக்கொரு சங்கத்தில் இருந்தோம். எங்கள் அரசு ஓய்வூதியர் சங்கம், அக்காவின் ஆலைத் தொழிலாளர் சங்கம், ஓய்வுபெற்ற காவலர் சங்கம் மூன்றும் ஏறக்குறைய ஒரே மனுவை மூன்று வெவ்வேறு நாட்களில் கொடுக்கும். மூன்று மனுக்களும் ஒரே அலமாரியில் உறங்கும். ஒற்றுமை அங்கே மட்டும்தான் இருந்தது.

ஒருநாள் அக்கா, தம்மோடு ஆலையில் வேலை பார்த்த மம்சாபுரத்து அம்மா ஒருவரை என் வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் கணவர் ஓய்வுபெற்ற ஏட்டு. நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். அந்த அம்மா கையோடு கொண்டுவந்த, கணவருடைய ஓய்வூதியப் படிவ நகலில், கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் படம் ஒட்ட வேண்டிய இடத்தில் ஏட்டய்யா மட்டும் இருந்தார். மனைவி பெயரும் இல்லை. அந்தச் சமயம் இருவருக்கும் பேச்சு நின்றிருந்ததாம். இன்னும் தொடங்கவில்லையாம். ஏட்டய்யா கண்ணை மூடினால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்த அம்மா அலைய வேண்டியதுதான்.

"இது காவலர் சங்கத்து விஷயம். நாங்க தலையிட முடியாது" என்றேன்.

"ஏலே, அவிய செத்தா மாலை போட மூணு சங்கமும் வருமா, வராதா?"

"வரும்."

"மாலை போட வாரவனுக்கு, மனு எழுத வாரதுக்கு என்னலே கேடு?"

பிறகு அக்கா படிவத்தின் கடைசிப் பக்கத்தைச் சிறிது நேரம் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். படிவத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். அன்று மாலையே நான் காவலர் சங்கச் செயலாளரைத் தேடிப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மம்சாபுரத்தில் ஏட்டய்யா வீட்டில் மூன்று சங்கமும் முதன்முதலாகக் கூடின. நான் விண்ணப்பம் எழுதினேன். ஆலைச் சங்கத்தார் படம் எடுப்பவரை டூவீலரில் ஏற்றி வந்தார்கள். காவலர் சங்கத்தார் ஏட்டய்யாவிடம் பேசித் தோற்றார்கள்.

"அவ பக்கத்துல நான் இருக்க மாட்டேன். தனித்தனியா எடுத்து ஒட்டிக்கிடுங்க."

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "எனக்கு மட்டும் ஆசையாக்கும்! எம்புட்டு வருசமா சோத்தை வச்சிட்டு விலகிப் போறேன். படத்துக்கும் அப்படியே போறேன்னு சொல்லுங்க."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏட்டய்யா, நீங்க பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம். டூட்டின்னு நெனைங்க. ஒங்களுக்குப் பொறவு அவ களையெடுக்கப் போனா, ஊரு அவளையா சொல்லும்? ஏட்டு பொண்டாட்டி கூலிக்குப் போறான்னுதான சொல்லும்?"

ஏட்டய்யா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, யாரிடமும் கேட்காதவர் போல, "என் தொப்பி எங்க?" என்றார். அந்த அம்மா பீரோவைத் திறந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, அவர் கையில் கொடுத்தார்.

படத்தில் தொப்பி கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். தொப்பியோடு ஒரு படம் அவருக்காக, தொப்பியில்லாமல் ஒரு படம் அரசுக்காக எடுத்தோம்.

சில மாதங்களில் ஏட்டய்யா காலமானார். குடும்ப ஓய்வூதியம் தடையின்றி வந்தது. அன்றிலிருந்து மூன்று சங்கங்களும் மாதம் ஓர் ஊரில் கூடி, எந்தச் சங்கத்தவர் என்று கேளாமல் படிவங்களைச் சரிபார்க்கின்றன. மனுவும் இப்போது ஒன்றுதான். அலமாரி மட்டும் மாறவில்லை.

மூச்சுத் திணறலில் கிடந்தபோதும் அக்கா, "இந்த மாசம் எந்த ஊருலே?" என்று கேட்டார். சொன்னேன். தலையசைத்தார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர், செவிலியர், அண்டை வீட்டார், மூன்று மாலைக்குப் பதில் ஒரே மாலையோடு வந்த மூன்று சங்கத்தார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒன்றைப் பதிவு செய்ய வேண்டியுள்ளது. ஏட்டய்யாவின் படிவத்தில், கடைசிப் பக்கத்தில், 'சரிபார்க்கப்பட்டது' என்பதன் கீழ் இருந்த கையெழுத்து என்னுடையது. படத்தைப் பார்க்காமலே போட்டது. அக்கா அதை எவரிடமும் சொல்லவில்லை. மம்சாபுரத்து அம்மாவுக்கு இம்மலரை யாராவது படித்துக் காட்டுவார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். அவர் என்னைத் திட்ட விரும்பினால் நேரில் வரலாம். படிவம் எதுவும் தேவையில்லை.