நெருப்புக்கோழிப் பாடத்தில் ஒரு ‘டேய்’

சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அறிவியல் டீச்சர் வேலை கேட்டுப் போயிருந்தேன். இது கிடைக்காவிட்டால் சென்னையில் கிடைத்த வேலைக்குப் போய் ஹாஸ்டலில் கிடக்க வேண்டும், ஒரு வயசுப் பாப்பாவை மஞ்சக்குப்பம் வீட்டில் மாமியாரிடம் விட்டுவிட்டு. சிதம்பரம் என்றால் சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம்.

டெமோ கிளாஸ் என்பதே ஒரு கூத்து. பிள்ளைகள் யாரும் இருக்கமாட்டார்கள். ஹெச்.எம். அம்மாவும் மற்ற டீச்சர்களும் பெஞ்சில் உட்கார்ந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள். கடைசி பெஞ்சில் வெள்ளை வேட்டியோடு பள்ளிக்கூடத்துத் தாளாளர், அறுபதைத் தாண்டியவர். எனக்குக் கொடுத்த தலைப்பு நெருப்புக்கோழி.

பயந்துகொண்டேதான் ஆரம்பித்தேன். போகப்போக பயம் விட்டுப்போச்சு. பறக்கத் தெரியாது, ஆனால் பாலைவனத்தில் அது ஓட ஆரம்பித்தால் நம்ம பிரைவேட் பஸ்காரனே ஒதுங்கி வழிவிடணும் என்றேன். காலுக்கு இரண்டே விரல். மணல் கண்ணில் விழாமலிருக்க நீள நீளமாக இமை மயிர். தண்ணீர் கிடைக்காவிட்டால் தழையில் இருக்கிற ஈரத்தை வைத்தே ஓட்டிவிடும். வெயில் ஏறினால் இறக்கையை விரித்துச் சூட்டை ஆற்றிக்கொள்ளும். மண்ணில் தலையைப் புதைக்கும் என்பதெல்லாம் சுத்தப் புருடா.

கடைசி பெஞ்ச் எழுந்து நின்றது. நெருப்புக்கோழி என்றால் நெருப்பைத் தின்னுமா, மிஸ்? தின்னாது, தீனி அரைபட கல்லைத்தான் முழுங்கும் என்றேன். சுடுகல்லா? நம்ம வீட்டுக் கோழிக்கும் போடலாமா? நெருப்புக்கோழியில் சிக்ஸ்டி ஃபைவ் போட்டால் நல்லாயிருக்குமா? மனுஷன் விடுவதாக இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“டேய், வாய மூடிக்கிட்டு உக்காருடா. மொதல்ல பாடத்த கவனி.”

சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னேன் என்று உறைத்தது. ஹெச்.எம். அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பாப்பா முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. தாளாளர் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். வேறு வழி தெரியாமல் மிச்சப் பாடத்தையும் நடத்தி முடித்தேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் கேட்கவிடவில்லை.

“காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாம் ‘நல்ல கேள்வி சார், நல்ல கேள்வி சார்’னு எனக்குக் கும்புடு போட்டுக்கிட்டு இருந்தாங்க. நீ ஒருத்திதாம்மா பாடம் நடத்துன. திங்கக்கெழம வந்துடு. கிளாசுக்கு வெளியில மட்டும் என்னை சார்னு கூப்புடு.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அழுகை முந்திக்கொண்டது.