மாண்புமிகு கடவுச்சொல்

லிப்ட்காரர் வாயைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. அரசுக் கட்டிடங்களின் லிப்ட்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. பாதி நாள் கூண்டின் தலைமேல் கிரீஸ் டப்பாவோடு உட்கார்ந்திருப்பார். மேலே ஒரு மனிதன் இருப்பது தெரியாமல், உள்ளே நிற்கிறவர்கள் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டுவார்கள். கீழே வதந்தியாக ஏறுவது நாலாவது மாடியில் சத்தியமாக இறங்கும். கேட்டுக் கேட்டு வயிறு ஊதிப்போன மனிதர், வீட்டுக்கு வந்து கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, ‘மேலும் கீழும்’ என்ற தன் வலைப்பதிவில் இறக்கி வைப்பார்.

படிக்கிறவர்கள் கூட்டம் என்று சொல்ல முடியாது. அதை ஆரம்பித்துக் கொடுத்த மைத்துனன் ஒருவன். வேறெங்கோ இருக்கும் இன்னொரு லிப்ட்காரர். எதை எழுதினாலும் அடியில் முடி வளரும் தைலத்துக்கு விளம்பரம் போட்டுப் போகும் ஓர் ஆசாமி. மனைவி எட்டியும் பார்ப்பதில்லை. நாள் தவறாமல் நேரில் பார்க்கிறேனே, படித்து வேறு பார்க்க வேண்டுமா என்பது அவள் கட்சி.

வினை பெரிய ஆஸ்பத்திரியின் லிப்டில் ஏறி வந்தது. கதவு பொருத்தியதும் அமைச்சர் வந்து அதைத் திறந்து வைத்தார். கண்ணாடி மாட்டியதும் மறுபடி வந்து திறந்தார். விசிறி ஓட ஆரம்பித்ததும் இன்னொரு தடவை. மோட்டார் மட்டும் வரவில்லை. நோயாளிகள் படியில்தான் ஏறினார்கள். லிப்ட்காரர் எழுதினார்: ‘ஒரே பெண்ணுக்கு மூன்று கல்யாணம் செய்து வைத்த புண்ணியவான். மாப்பிள்ளையைத்தான் இன்னும் காணோம்.’

தைல ஆசாமி வழக்கம்போல வந்து போனான். கூடவே அமைச்சரின் உதவியாளரும் வந்து படித்துவிட்டுப் போயிருக்கிறார்.

நீதிமன்றம் ஒரே அமர்வில் தடை கொடுத்தது. அமைச்சரைப் பற்றிய பதிவுகள் அத்தனையும் திங்கட்கிழமைக்குள் அழிக்கப்பட வேண்டும். அதோடு, லிப்ட்காரரோ அவர் சார்பில் எவருமோ அமைச்சரின் பெயரை எழுத்தாலோ பேச்சாலோ சைகையாலோ வெளியிடக் கூடாது. மீறினால் சிறை.

சிறைக்குப் போக லிப்ட்காரருக்குத் துணிச்சல் இல்லை. எழுதியதை அழிக்க மனசும் இல்லை. பத்து வருஷம் இருட்டுக் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டு சேர்த்த சொற்கள். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தால் சிறைதான் கனமாக இருந்தது. அழித்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

தடை மனைவிக்குப் பொருந்தாது என்பதை அவள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். கதவு இடித்தால் அமைச்சர் பெயர், குழாயில் தண்ணீர் நின்றால் அமைச்சர் பெயர். ஒவ்வொரு தடவையும் இவர் காதைப் பொத்துவார். கேட்பதற்குத் தடை இல்லையே என்று அவள் சட்டம் பேசினாள். இவரோ அதையும் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று ஜாடையில் சொல்லி, ஜாடையும் தப்போ என்று கையை மடக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கணினி முன்னால் உட்கார்ந்தபோதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வலைப்பதிவுக்குள் நுழையக் கடவுச்சொல் கேட்டது. அதைப் பழைய கணினி தானே நினைவில் வைத்திருந்தது. அது போன வாரம் செத்துப் புதிது வந்திருந்தது. கைபேசிக் கடை வைத்திருக்கும் மைத்துனனைக் கூப்பிட்டார்கள். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

“மாமா, அவர் பேருதான் பாஸ்வேர்ட்.”

“எவர் பேரு?”

“அவர்தான். அப்ப அவர் மொத தடவை எலெக்‌ஷன்ல நிக்கறாரு. நல்ல மனுஷன், மனசுல நிக்கற பேரு, அதையே வைடான்னு நீங்கதானே சொன்னீங்க?”

உண்மைதான். அந்தத் தேர்தலில் லிப்ட்காரர் கொடிகூடப் பிடித்திருக்கிறார். இப்போது விசைப்பலகைமேல் விரலை நீட்டியவர் சூடு பட்டதுபோல இழுத்துக்கொண்டார். பெயரை அடித்தால் தடையை மீறிய குற்றம். அடிக்காவிட்டால் பதிவுகளை அழிக்காத குற்றம். நான் அடிக்கிறேன் என்று மைத்துனன் முன்வந்தான். ‘அவர் சார்பில் எவரும்’ என்று உத்தரவு அவனையும் மறித்தது; அவருக்காக அடித்தால் மனைவியையும். மனைவி உத்தரவை வாங்கிப் படித்துவிட்டு, எழுதினவனுக்கு மூளை இருக்கிறதா என்றாள். அது நீதிபதி எழுதியது என்று நினைவுபடுத்தியதும், கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது என்று முடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மூன்று பேரும் நீதிமன்றம் போனார்கள். முன்வரிசையில் அமைச்சரின் வக்கீலும், அவரை இடித்துக்கொண்டு உதவியாளரும். வக்கீல் எழுந்து, மாண்புமிகு டாக்டர் அமைச்சர் பெருமகனார் அவர்களின் மனம் புண்பட்டிருப்பதையும், பதிவுகள் இன்னமும் அப்படியே இருப்பதையும் சொல்லி மூச்சு வாங்கினார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் அழிக்கல?”

“பாஸ்வேர்ட் இல்லாம உள்ள போக முடியலைங்கய்யா.”

“தெரியாதா?”

“தெரியுங்கய்யா.”

“என்ன அது?”

“சொல்லக் கூடாதுங்கய்யா.”

“யார் சொன்னது சொல்லக் கூடாதுன்னு?”

“நீங்கதாங்கய்யா.”

கூடம் கொஞ்சம் குலுங்கி அடங்கியது. நீதிபதி தன் உத்தரவை எடுத்து இரண்டு முறை படித்தார். மெல்ல முகம் மாறியது. மனுதாரர் பெயரா என்று கேட்டார். தலையாட்டினால் சைகை ஆகிவிடும் என்பதால் லிப்ட்காரர் கண்ணைக்கூட இமைக்காமல் கம்பம்போல் நின்றார். இரண்டு சொட்டுக் கண்ணீர் வந்தது. அது இமைக்காததால் வந்தது. நீதிபதி அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

அவருக்கும் ஒரு வழி தோன்றியது. மனுதாரர் தரப்பு பெயரை எழுதத் தடை இல்லை. ஆகவே வக்கீலே அடித்துத் திறக்கட்டும், லிப்ட்காரர் இங்கேயே அழிக்கட்டும். குமாஸ்தாவின் கணினி கொண்டுவரப்பட்டது; அடிக்கும் எழுத்து புள்ளியாக மறையாமல் தெரியும்படி குமாஸ்தா மாற்றி வைத்தார். மைத்துனனுக்கு ஒரே ஒரு வாக்கியம் பேச அனுமதி கிடைத்தது. முன்னால் பின்னால் எதுவும் வேண்டாம், வெறும் பெயர் என்றான் அவன்.

வெறும் பெயர். அந்த முன்வரிசையில் யார் வாயிலும் பத்து வருஷமாக வராத பொருள் அது. வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். ‘மாண்புமிகு’ தானாகவே வந்து விழுந்தது. கைப்பழக்கம். திரை சிவந்து, தவறு என்றது.

லிப்ட்காரரால் சொல்லவும் முடியாது, சுட்டவும் முடியாது.

வக்கீல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மாண்புமிகுவை நீக்கினார். பெயரை மட்டும் அடித்தார். அடித்தே விட்டார். ஆனால் திரையில் அது ஒற்றையாக, சட்டை போடாத ஆள் மாதிரி நின்றது. பக்கத்தில் உதவியாளர் இருமினார். பெரிய இருமல் இல்லை. ஓர் எச்சரிக்கை அளவு. வக்கீலின் விரல் தன்னையறியாமல் ‘அவர்கள்’ சேர்த்தது. மறுபடி சிவப்பு. இன்னும் ஒரே வாய்ப்பு என்று எழுத்து வந்தது.

நீதிபதி, வெறும் பெயர் என்று அழுத்திச் சொன்னார். வக்கீலுக்கு வியர்த்தது. மறுபடி பெயரை அடித்துவிட்டு உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் குனிந்து காதில் சொன்னது பின்வரிசைவரை கேட்டது.

“போன மாசம்தான் டாக்டர் பட்டம் வாங்கினார். அதையாவது போடுங்க சார். நாளைக்கு நான் அவர் முகத்துல முழிக்கணும்.”

போட்டார். திரை மூன்றாவது முறை சிவந்து, கணக்கு பூட்டப்பட்டது என்று அறிவித்தது. திறப்பதற்கான எண்ணை, கணக்கு தொடங்கிய கைபேசி எண்ணுக்கே அனுப்புவதாகச் சொன்னது. அந்த எண்ணைக் கைவிட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது என்று மைத்துனன் அனுமதி வாங்காமலே சொல்லிவிட்டான்.

நீதிபதி நெடுநேரம் மேற்கூரையைப் பார்த்தார். சிரிப்பை விழுங்குகிற மனிதனுக்குத் தொண்டையில் ஏதோ ஏறி இறங்குவதை லிப்ட்காரர் தொழில்முறையில் கவனித்தார். பிறகு தீர்ப்பு வந்தது. எதிர்மனுதாரர் உத்தரவை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்திருக்கிறார். பூட்டியது மனுதாரர் தரப்பின் மரியாதை. அழிக்க வேண்டுமானால் அவர்களே வலைப்பதிவு நிறுவனத்துக்கு எழுதிக்கொள்ளலாம். எழுதினார்கள். கடவுச்சொல்லை இட்டு உள்ளே நுழைந்து நீங்களே அழித்துக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் பதில் போட்டது.

கோர்ட்டில் நடந்தது வெளியே பரவியதும் ‘மேலும் கீழும்’ படிக்க ஜனம் முண்டியடித்தது. தைல ஆசாமிக்கு அப்படி ஒரு வியாபாரம் வாழ்நாளில் கிடைத்திருக்காது. லிப்ட்காரரால் புதிதாக எதுவும் எழுத முடியாது. கதவு அவருக்கும்தான் பூட்டு. எல்லாரையும்போல வெளியே நின்று தன் எழுத்தைத் தானே படித்தார். யாரோ தெரிந்தவன் எழுதியதுபோல இருந்தது. சில இடங்களில் நன்றாகக்கூட இருந்தது.

ஒரு மாலை, பழைய பதிவு ஒன்றில் தபால் அலுவலக லிப்டில் ஆறு பேர் ஏறலாம் என்று தப்பாக எழுதியிருப்பதைக் கண்டார். எட்டுப் பேர். திருத்த வழியில்லை. மனசு கேட்கவில்லை. தைல விளம்பரத்துக்குக் கீழே, ‘பெயரற்றவர்’ என்ற பெயரில், ஆறு அல்ல, எட்டு என்று ஒரு பின்னூட்டம் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் அதற்கும் கீழே இன்னொரு பெயரற்றவர் எழுதினார்: ‘எட்டோ ஆறோ, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு. எழுந்து சாப்பிட வாங்க.’