காலியாக இருந்த கிளாஸ்கள்

1. இத்தாலியின் பலெர்மோவில், சீசா பக்கம் நான் தாதியாக வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பலருக்குத் திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று வந்தது.
2. நிறையத் தண்ணீர் குடித்தால் குறையும் என்று ஒவ்வொரு கட்டிலருகிலும் கிளாஸ் நிரப்பி வைத்தேன்.
3. நான் வேலை முடிந்து புறப்படும்போது எல்லாக் கிளாஸ்களும் காலியாக இருந்தன.
4. தொற்று மட்டும் குறையவே இல்லை.

எங்கே பிழை என்று புரியாமல் எரிச்சலோடு திரிந்தேன். ஒரு பிற்பகல், தொற்றுக் காய்ச்சலால் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருந்த சிஞ்ஞோரா லூச்சியா, நான் வைத்த தண்ணீரைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றுவதைக் கண்டேன்.

"ஏன் சிஞ்ஞோரா? திரும்பவும் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீங்கள்?"

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"குடிச்சால் டொய்லெட்டுக்குப் போகவேணும். நான் பெல் அடிச்சால் நீ எப்ப வருவாய், பிள்ளை? நேற்று உடுப்போடையே போயிட்டுது. மகனும் பக்கத்திலை இருந்தவன்."

பராமரிப்பு வேலை செய்யும் மன்னார்க்காரி ஜெசிந்தா அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"முக்கால்வாசிப் பேர் ஊத்துறதுதான். பின்னேரத்திலை நான் ஒராள்தானே நிக்கிறன்? மகாராணி நீ, தண்ணியை நிரப்பிப்போட்டு வீட்டை போயிடுவாய்" என்று சிரித்தார்.

பின்னேரத்துக்கு இன்னொருவர் வேண்டும் என்று நிர்வாகியிடம் கேட்டேன். "கட்டிவிடப் பம்பஸ் கூடுதலாக வாங்கித் தருகிறேன்" என்றார். ஈரத்தில் கிடந்தாலும் தொற்று வரும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போனை எடுத்துவிட்டார்.

தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தாலே போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வயதானவருக்கு நோயைவிட மானம் பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

இன்றுவரை இன்னொருவரைப் போடவில்லை. வேலை முடிந்து புறப்படுமுன் லூச்சியாவை நான் டொய்லெட்டுக்குக் கூட்டிப்போகிறேன், அவர் குடிக்கிறார். மற்றவர்களில் பலர் இன்னும் குடிப்பதில்லை.