கற்பூரத்துக்காக நின்ற எந்திரம்

எந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்கள் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். நிறுத்தத் தெரிந்தவர்கள்தான் குறைவு. தீவன ஆலைகளிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன். இந்தக் கருத்தை மாற்றிக்கொள்ள எனக்கு இதுவரை யாரும் காரணம் தரவில்லை. இதை நான் முதலில் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில், எட்டு வயதில், எங்கள் கோழிப் பண்ணையில்.

மோகனூர்ப் பக்கம் எல்லோரும் கரும்பை நம்பியபோது அப்பா கோழியை நம்பினார். கோழிகள் கடலைப் புண்ணாக்கை நம்பின. மழைக்காலத்தில் அந்தப் புண்ணாக்கில் பூசணம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவே போதும், காலையில் கொட்டாய்க்குள் போனால் கோழிகள் சாய்ந்து கிடக்கும். அந்த வருடம் ஒரு கொட்டாய் முழுவதும் அப்படித்தான் காலியானது.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் வேலை பார்த்தார். மத்தியப் பிரதேசத்தில் மாதக்கணக்கில் பாறையைத் துளைத்துவிட்டுப் புழுதி நிறத்தில் வீடு திரும்புவார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் தூங்கும் விதத்திலேயே தெரியும். அங்கே சோயாவை எந்திரத்தில் வேகவைத்துக் கோழிக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறார். சோயா இருந்தால் புண்ணாக்கே வேண்டாம். ஆனால் பச்சையாகப் போட்டால் செரிக்காது, முட்டை குறையும். ஆகவே ஒரு தடவை திரும்பும்போது சோயா மூட்டைகளோடு அப்படியொரு பழைய எந்திரத்தையும் லாரியில் ஏற்றி வந்துவிட்டார்.

அதற்கு எக்ஸ்ட்ரூடர் என்று பெயர். ஊருக்குள் பொரி மிசின். முறுக்குப் பிழியும் அச்சுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். தடித்த இரும்புக் குழாய், உள்ளே ஒரு திருகு, கடைசியில் சிறு ஓட்டை. அடுப்பு கிடையாது. திருகு தானியத்தை நெருக்கித் தள்ள, உரசலிலேயே சூடேறி வெந்து, ஓட்டை வழியாகப் பொரிந்து வெளியே வரும்.

அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "ஓட்டிக் காட்டு. சரிப்பட்டுதுன்னா பண்ணையில இரு. இல்லைன்னா பேசாம லாரிக்கே போயிரு" என்றார். லாரி அடுத்த வாரம் வடக்கே கிளம்புவதாக இருந்தது. சித்தப்பா இல்லாத வீட்டில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வேறு ஆள் கிடையாது. ஆகவே எந்திரம் ஓட வேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை இருந்தது.

வெள்ளிக்கிழமை எந்திரத்துக்குப் பூசை. அத்தையும் மாமாவும் ராசிபுரத்திலிருந்து வந்திருந்தார்கள். சோயா சாமிக்கு ஆகுமா ஆகாதா என்று யாருக்கும் தெரியாததால், முதல் ஓட்டம் வெறும் மக்காச்சோளம் என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். சித்தப்பா காலையிலேயே ஒரு போசி நிறையத் தவிட்டைப் போட்டு, கடலெண்ணெய் ஊற்றிப் பிசைந்து எந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"இது என்னத்துக்குங்க சித்தப்பா?"

"மிசினுக்குக் கடைசி வாய்ச் சோறு சாமி. இதைத் தின்னு வயித்தைக் கழுவிக்கிட்டாத்தான் அது நிம்மதியாத் தூங்கும்."

எந்திரம் அருமையாக ஓடியது. மக்காச்சோளம் மஞ்சளாகப் பொரிந்து விரல் விரலாக விழுந்தது. அத்தை ஒன்றை ஊதி வாயில் போட்டு, உப்புக் காரம் போட்டால் கோழிக்கு மிஞ்சாது என்றார். சித்தப்பா எந்திரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது அத்தை கற்பூரம் ஏற்றினார்.

"நிறுத்துடா. சாமி கும்புடறப்ப என்ன இரைச்சல்" என்றார் அப்பா.

"சித்த நேரம் பொறுங்கண்ணா."

"கற்பூரம் அணையறதுக்குள்ள நிறுத்துன்னா நிறுத்து."

சித்தப்பாவின் கை தவிட்டுப் போசிப் பக்கம் போனது. மாமா பார்த்துக்கொண்டிருந்தார், பண்ணை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இரண்டாவது முறை சொல்லியாகிவிட்டது. கை பாதியில் திரும்பி சுவிட்சுக்குப் போனது.

அமைதி கிடைத்ததும் அத்தை அதை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார். குலதெய்வத்தில் தொடங்கி, அவர் புகுந்த வீட்டுத் தெய்வங்கள் வரைக்கும் ஒன்றும் விடுபடவில்லை. மறுபடி சுவிட்சைப் போட்டபோது மோட்டார் உறுமியது. பெல்ட் கருகும் வாசம் வந்தது. அவ்வளவுதான். குழாய்க்குள் வெந்து நின்ற மக்காச்சோளம் ஆறிக் கல்லாகிவிட்டிருந்தது.

மாமா குனிந்து ஓட்டையைப் பார்த்தார். "கோழிக்குத் தீனி செய்வீங்கன்னு வந்தா அம்மிக்கல்லுச் செஞ்சு வெச்சிருக்கீங்க மாப்ள. இதையும் உங்க போர் லாரிய வெச்சுத்தான் தொளைக்கோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். "என் தப்புத்தாங்க மாமா. எனக்குப் பழக்கம் பத்தலை" என்றார்.

விருந்தாளிகள் போனபின் சித்தப்பா வீட்டுக்குள் போய்த் தகரப் பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தார். நான் பார்க்கப் பிடிக்காமல் எந்திரம் இருந்த கொட்டாய்க்கு வந்துவிட்டேன். பொழுது சாயும் நேரத்தில் அப்பா அங்கே வந்தார். எந்திரத்தின் அருகில் போசி அப்படியே இருந்தது.

"இது என்ன?"

"மிசினுக்குக் கடைசி வாய்ச் சோறுங்கப்பா. நிறுத்தறதுக்கு முன்னால ஊட்டோணுமாம். அப்பத்தான் வயிறு சுத்தமாகுமாம்."

"எப்ப வெச்சான்?"

"காத்தாலயே வெச்சாருங்க."

அப்பா குனிந்து ஒரு விரலால் தவிட்டைத் தொட்டு முகர்ந்தார். அந்த விரலாலேயே எந்திரத்தின் அடைத்த ஓட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "எருமைக்குக் கொண்டுபோய் வெச்சிரு சாமி" என்றார்.

மறுநாள் விடிந்ததும் அப்பா தன் கையாலேயே திருகோடு குழாயைக் கழற்றினார். சித்தப்பா பிடிக்க வந்தார். "நீ கோழியப் பாரு" என்று சொல்லிவிட்டு, அதைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறித் திருச்செங்கோட்டு லேத்துப் பட்டறைக்குப் போனார். சித்தப்பா கொண்டுவந்த எந்திரத்தைத் தொடக்கூட அவரை அப்பா விடவில்லையே, எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்கு அழுகை வந்தது. வேட்டியெல்லாம் கரியும் கிரீசுமாக அப்பா திரும்பியபோதுகூட அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

எந்திரம் மறுபடி ஓடியது, இந்த முறை சோயாவோடு. லாரி சித்தப்பா இல்லாமல் வடக்கே போனது. தகரப் பெட்டி பரணுக்கு ஏறியது. அண்ணனும் தம்பியும் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு தினமும் எந்திரத்தை நிறுத்தும் நேரத்தில் தவிட்டுப் போசியை எடுத்து வந்து நீட்டியவர் அப்பாதான். ஆயுத பூசைக்கு எங்கள் பண்ணையில் மட்டும் எந்திரம் ஓட ஓடவே கற்பூரம் காட்டுவார்கள். அத்தை முனகுவார். அப்பாவுக்கு அந்த இரைச்சலில் காது கேட்காது.

எருமை அன்று போசியை நக்கித் துடைத்தது. எண்ணெய் மணக்கும் விருந்து தனக்கு எதற்காகக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. பக்கத்தில் போசியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கும் தெரியாது.