ஆற்றின் நடுவில் ஆஜர்

எங்கள் பள்ளிக்கூடம் உப்பனாற்றுக்கு அக்கரையில் இருந்தது. நாங்கள் பதினோரு பிள்ளைகளும் தோணியில்தான் போய்வருவோம். வாத்தியாரும் எங்கள் கரைக்காரர்தான். அதே தோணியில் வருவார். அதனால் யாரும் தாமதமாக வந்ததாகச் சரித்திரமே இல்லை. தோணி எப்போது கரை சேருகிறதோ அப்போதுதான் மணி அடிக்கும்.

நான் ஐந்தாவது படித்தபோது, கடலூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்களாம். மூடினால் ஐந்தாவதைக்கூட முடிக்க முடியாது.

அன்று மட்டும் வாத்தியார் முதல் நடையிலேயே போய்விட்டார். தோணி திரும்பி வந்து எங்களை ஏற்றிப் போவதற்குள் கடல் ஓதம் இறங்கி ஆற்றில் தண்ணீர் வற்றிவிட்டது. அக்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் தோணி சேற்றில் தட்டி நின்றது. தோணிக்கார மாமா கழியை ஊன்றினார். கழி உள்ளே போனதே தவிர தோணி அசையவில்லை.

"எறங்கி நடந்துடலாமா மாமா?" என்றான் ஒருவன்.

"எறங்கு. இடுப்பு வரைக்கும் சேறு. சாயங்காலமா வந்து புடுங்கி எடுக்கறேன்."

கரையில் வாத்தியாரும், சைக்கிளைப் பிடித்தபடி இன்ஸ்பெக்டரும். அவர் சிதம்பரம் ரயிலைப் பிடிக்கவேண்டும். வேறு வழியில்லாமல் வாத்தியார் கரையில் நின்றே பெயர் கூப்பிட்டார். தோணியிலிருந்து ஒவ்வொருவராக "உள்ளேன் ஐயா" என்று கத்தினார்கள்.

நான் வகுப்பிலேயே வாய் திறக்காதவள். கையைத் தூக்குவேன், வாத்தியார் குறித்துக்கொள்வார். அன்றும் தூக்கினேன்.

"சத்தத்தைக் காணோமே" என்றார் இன்ஸ்பெக்டர்.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். சேற்றில் மேய்ந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

அடுத்து என் அக்காவின் பெயர். என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவள், பெரியவளானதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவள் நின்றுவிட்டதை வாத்தியார் மறந்துவிட்டார்போல என்று நினைத்து, புதிதாகக் கிடைத்த குரலில், "அக்கா வூட்ல..." என்று ஆரம்பித்தேன். மாமா கழியால் தண்ணீரை ஒரு அடி அடித்தார். என் மூஞ்சியெல்லாம் சேறு. அப்படியே என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இப்ப கத்துனியே, அதே மாதிரி இன்னொரு வாட்டி கத்து புள்ள."

"நான் ஒருத்திதான மாமா?"

"ஒஞ் சத்தம் ரெண்டு பேருக்குக் காணும். கத்து!"

கத்தினேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். வாத்தியார் எனக்கு மட்டும் ஒரு கை பொரிகடலை கொடுத்தார். நல்ல குரலுக்குப் பரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எம் பேர கூப்ட்டாரா? நெசமா?"

"நெசமா."

"எப்படிக் கூப்ட்டாரு? அதே மாதிரி கூப்டு."

கூப்பிட்டேன். அரிவாள்மணையை விட்டு எழுந்து, பாவாடையைச் சரிசெய்து, நேராக நின்று, "உள்ளேன் ஐயா" என்றாள். இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை.

நாலு தடவையில் எனக்கு அலுத்துப்போயிற்று. அக்காவுக்கு ஏன் அலுக்கவில்லை என்று யோசிக்கக்கூடத் தோன்றாமல், மீதிப் பொரிகடலையைத் தின்ன ஓடிவிட்டேன்.